கொக்கி வைத்த பயனெட் வாங்கப் போகிறவர்கள் கவனம்

கண்டிப் பக்கம் பழைய சாமான் விற்கும் ஒருவர், தோட்டத்துப் பங்களாக்களிலிருந்து வந்தவை என்று சொல்லி வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிச் சாமான்களை விற்று வருகிறார். பெயர் போடவில்லை. ஆனால் மலையகத்தில் பழம்பொருள் சேர்க்கிறவர்களிடம் இவருடைய சரக்கு எப்படியும் வந்து சேரும்.

என் தலையில் கட்டியது, பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயனெட். 17 அங்குல அலகு, மரக் கைப்பிடி, இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுக்குத் தகட்டில் முன்பக்கம் வளைந்த கொக்கி. விலையே அந்தக் கொக்கிக்குத்தான். பிரிட்டனில் 1913இல் கொக்கி வைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வைத்தவற்றிலும் நிறைய வெட்டி எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை குறைவு என்பதால் கொக்கி இல்லாததை விடப் பல மடங்கு கேட்பார்கள்.

போதாததற்கு, பிடியின் குமிழில் சீ.பி.ஆர்.சீ. என்று நான்கு எழுத்து. சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர்: 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட தோட்டத் துரைமார் படை, கண்டிதான் தலைமையிடம். "கலிப்பொலிக்குப் போன துரையோட சாமான் தம்பி, பங்களா சீலிங்குக்கு மேல கெடந்துச்சு" என்றார். முதல் உலகப் போரில் அந்தப் படையிலிருந்து துருக்கியில் உள்ள கலிப்பொலிக்குச் சண்டைக்கு ஆட்கள் போனது உண்மை. இந்த மாதிரி ஆட்கள் பொய்யை உண்மைக்குப் பக்கத்திலேயே வைத்துத்தான் விற்பார்கள்.

மேலெல்லாம் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும். "தொடச்சா மதிப்புப் போயிரும்" என்று துணியை வைக்கவே விடவில்லை. பழசைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது என்பது சரிதான், அதையே இவர் மறைப்பாக வைத்துக்கொண்டார்.

வீட்டில் மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கை மட்டும் எடுத்தேன். கொக்கி தொடங்கும் இடத்தில் தலைமுடி போல ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம் இரும்பின் நிறமே வேறு. எங்கள் தேயிலை ஃபக்டரியில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "வெல்டிங் தம்பி, கிரைண்டர் போட்டுத் தேச்சிருக்கான்" என்றார். அசலில் கொக்கியும் தகடும் ஒரே இரும்பு, ஒட்டு இருக்கவே கூடாது.

அலகில் பிடியை ஒட்டிய இடத்தில் கிரீட முத்திரைக்குக் கீழே 1907 என்று இருக்கும். அதைக் காட்டி "அந்த வருஷத்துல செஞ்சது" என்பார் விற்கிறவர். அது மாடலின் வருடம், எல்லாவற்றிலும் இருக்கும். செய்த மாதமும் வருடமும் அதற்குக் கீழே சின்ன எண்களாக இருக்கும். என்னுடையதில் வருடம் இருந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்து வழவழவென்று இருக்கிறது. குமிழில் அழுக்கு வெளியேற ஒரு துளை, அது 1916இல் வந்த ஏற்பாடு. பழையவற்றிலும் பிறகு துளை போட்டிருக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் அழித்த வருடம், ஒட்டுப்போட்ட கொக்கி, துளை மூன்றும் சேர்ந்தால் வேறென்ன நினைப்பது? அந்த நான்கு எழுத்தும் அப்படித்தான். சுற்றிலும் துரு தின்ற பள்ளம், எழுத்துக்குள்ளே மட்டும் புது இரும்பு மினுங்குகிறது.

திருப்பிக் கொண்டுபோனபோது, "அன்டிக் சாமான் வித்தா வித்ததுதான்" என்றார். பில் கேட்டேன், சிரித்தார்.

இப்போது அதே நான்கு எழுத்தோடு பித்தளை எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கிக் கட்டையின் அடித்தகடும் காட்டுகிறாராம். பண்டாரவளையில் ஒரு நண்பரிடம் இன்னொரு கொக்கி பயனெட்டுக்கு முற்பணம் கேட்டிருக்கிறார். காசு கொடுக்கும் முன், பிசுக்கைத் துடைத்துவிட்டுக் கொக்கியின் அடிப்பக்கத்தையும் 1907க்குக் கீழே உள்ள எண்களையும் வெயிலில் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.