தளர்வு, தொய்வு, இளக்கம், நெகிழ்வு: எதை எங்கே வைப்பது?

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் படகைக் கட்டும்போதெல்லாம் பெரியப்பா சொல்வார்: "முடிச்சு தளரக் கூடாதுடா. கயித்தைக் கொஞ்சம் தொய்வா விடு." அகராதியில் தளர்வுக்குத் தொய்வு என்றும் தொய்வுக்குத் தளர்வு என்றும் பொருள் பார்க்கலாம். அந்தக் கயிற்றிலோ இரண்டும் எதிரெதிர். முடிச்சு தளர்ந்தால் படகு அலையோடு போய்விடும். கயிறு தொய்வில்லாமல் விறைத்து நின்றால், நீர் ஏறிப் படகு எழும்பும்போது அறுந்துபோகும். பிடி விட்டுப்போவது தளர்வு. இரு முனையும் பிடியில் இருக்க, நடுவே தாழ்ந்து தொங்குவது தொய்வு.

செய்தித்தாளிலும் இந்தக் கணக்குதான். 'பணியில் தொய்வு' என்றால் வேலை நிற்கவில்லை, வேகம் விழுந்திருக்கிறது. 2020-இல் ஊரடங்கில் 'தளர்வுகள்' அறிவித்தார்கள். அங்கே தொய்வு என்று போட்டிருந்தால் அதிகாரிகள் அசட்டையாக இருந்தார்கள் என்றாகியிருக்கும்.

இறுகியிருந்தது உருவம் விடுவது இளக்கம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் எங்கள் வீட்டுக் கருப்பட்டி இளகும்; தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். மூடாமல் விட்ட முறுக்கு அதே காற்றில் இளகாது, நமத்துப்போகும். மொறுமொறுப்பு போவதற்கென்றே இப்படி ஒரு சொல் இருக்க, சமையல் குறிப்புகளில் 'மென்மையாகிவிடும்' என்று எழுதுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

நான்கில் எனக்கு நெருக்கமானது நெகிழ்வு. பிரிவில் தலைவியின் கைவளை நெகிழ்வதைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சங்கை அறுத்துச் செய்த வளை அது. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் உறுதி தெரியும். வளை அப்படியேதான் இருக்கிறது, மெலிந்தது கை. அதனால்தானோ என்னவோ இந்தச் சொல்லில் குறை தொனிப்பதில்லை. 'மனம் தளர்ந்தார்' என்றால் தேற்றத் தோன்றும். 'மனம் நெகிழ்ந்தார்' என்றால் அவர்மேல் மதிப்பு கூடும்.

இந்த நான்குக்கும் பொதுவாக 'உறுதியின்மை' என்று எழுதத் தோன்றலாம்; அது முடிவெடுக்கத் தயங்கும் இடத்துக்குச் சரி. பொருள்களுக்கு அது வேண்டாம், பேச்சிலேயே சொற்கள் தாராளமாக இருக்கின்றன: சட்டை தொளதொள, நனைந்த மண் சொதசொத, ஆணி கழன்ற நாற்காலி லொடலொட. மீன் வாங்கும்போது அம்மா சதையை விரலால் அழுத்திப் பார்க்கும். குழி உடனே மேலெழுந்தால் விலை பேசும். எழாவிட்டால், "கொழகொழங்குது" என்று முனகிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடும்.