கூரைக்கு அடியில் போடும் அலுமினியத் தாள்: திருகோணமலை வீட்டுக்கு எது சரி?

கச்சான் வீசும் மாதங்களில், பின்னேரம் மூன்று மணிக்கு அஸ்பெஸ்டோஸ் வீட்டின் சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால் சுடும். வெயிலில் காய்ந்த ஷீட் அந்தச் சூட்டைக் கீழ்நோக்கி வீசிக்கொண்டே இருக்கிறது. அதை மறிப்பதற்குத்தான் அலுமினியத் தாள். சரியாகப் போட்டால் கொடுத்த காசு வீண்போகாது.

கடைகளில் மூன்று வகை கிடைக்கும்: நெய்த பிளாஸ்டிக்கில் ஒட்டிய மெல்லிய தாள், காற்றுக் குமிழி வைத்தது, ஃபோம் ஒட்டியது. சீலிங் உள்ள வீட்டுக்கு மெல்லியதே போதும். சீலிங் இல்லையென்றால் 10 மில்லிமீற்றர் ஃபோம் வாங்குங்கள், மழைச் சத்தமும் குறையும். குமிழி வகைக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தேவையில்லை.

வாங்குமுன் ஒரு துண்டு செலோரேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று உரித்துப் பாருங்கள். வெள்ளி நிறம் ரேப்போடு வந்தால் அது வெறும் பூச்சு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் அது சீக்கிரம் மங்கிவிடும்.

இங்கிலாந்தில் அரசாங்க உதவியோடு கூரைக்குள் பரப்பும் கண்ணாடிப் பஞ்சை இங்கேயும் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே 270 மில்லிமீற்றர் தடிப்பில் பரப்புவது குளிருக்கு, உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பதற்கு. இங்கே வாடை மழையில் ஒரு ஷீட் ஒழுகினாலே பஞ்சு ஊறிப்போகும். ஊறிய பஞ்சு சூட்டைத் தடுக்காது, பாரத்தில் சீலிங்கையும் இறக்கிவிடும். மானியம் என்று பார்த்தால், 2016இல் நம் நாட்டில் தொடங்கிய சூரிய பல சங்கிராமய கூரைச் சோலருக்கான திட்டம். தாளுக்கான செலவு உங்கள் கையிலிருந்துதான்.

600 சதுர அடி வீட்டுக்கு, சரிவையும் மேற்பொருத்தையும் சேர்த்து 750 சதுர அடி தாள் வேண்டும். கிடுகு மேய்வதுபோல இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறியிருக்க வேண்டும். முகட்டில் இரண்டு அங்குலம் திறந்து விட்டால் சூடான காற்று மேலே போகும். இறவார இடைவெளிக்கு வலை அடியுங்கள், இல்லையென்றால் அணில் கூடு கட்டும்.

அதிகம் பேர் பிழைவிடுவது இடைவெளியில். தாள் ஷீட்டோடு ஒட்டிக் கிடந்தால் தோசைக்கல்லில் வைத்த கரண்டி மாதிரி அதுவும் சூடேறும், மேல்பக்கப் பளபளப்பால் ஒரு பயனும் இல்லை. குறைந்தது ஒரு அங்குலக் காற்று நடுவில் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தாளென்றால் அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசு படிந்து நாளடைவில் பயன் குறைந்துவிடும்.

ஸ்ரேப்ளர் மட்டும் வேண்டாம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு ஸ்ரேப்ளர் கம்பி மின்சார வயரைக் குத்தினால் தாள் முழுவதும் மின்சாரம் பாயும். அவுஸ்திரேலியாவில் 2009இல் அரசாங்கச் செலவில் வீடுகளுக்கு வெப்பத் தடுப்புப் போடும் திட்டம் தொடங்கியது. நான்கு இளம் வேலையாட்கள் இறந்தார்கள், மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் சூடு தாங்காமல். 2010 பெப்ரவரியில் திட்டத்தையே நிறுத்தினார்கள். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுங்கள். மெல்லிய மரச்சட்டத்தால் தாளைப் பிடித்து, வயர் ஓடாத கைமரத்தில் மட்டும் ஆணி அடியுங்கள். மாசி மாதத்தில், காலை பத்து மணிக்குள் வேலையை முடித்து இறங்கிவிடுங்கள். அஸ்பெஸ்டோஸ் ஷீட்டைத் துளைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.