கொளத்தூர்க் கடையொன்றின் கிரேஃபிஷ் தொகுப்பு: எதை வாங்கலாம், எதை விடலாம்

சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் அடுத்தடுத்து நிற்கும் தெருவொன்றில், கிரேஃபிஷுக்கென்றே (மீன் அல்ல, இறாலைப் போன்ற, கொடுக்குள்ள நன்னீர் உயிர்) ஒரு சுவர் முழுக்கத் தொட்டிகளை ஒதுக்கியிருக்கும் கடை ஒன்று, வீட்டில் குஞ்சு எடுக்க விரும்புவோருக்காக முழுத் தொகுப்பு ஒன்றை விற்கிறது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், சிறிய ஏர் பம்ப், ஒரு பை கூழாங்கல், பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டு, மூழ்கும் தீவனம் ஒரு டப்பா, இவற்றோடு மூன்று அங்குல அளவில் நீல நிற ஜோடி ஒன்று. எல்லாம் சேர்த்து விலை 4,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். உயிர்களை இங்கே நம்பி வாங்கலாம் என்பதும், தொகுப்பை அப்படியே வாங்கக் கூடாது என்பதும் என் கருத்து.

பலகையில் 'ப்ளூ லாப்ஸ்டர்' என்று மட்டுமே எழுதியிருந்தாலும், எந்த இனம் என்று கேட்டால் கடைக்காரர் தயங்காமல் பதில் சொல்கிறார். தொகுப்பில் தரப்படுவது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைத் தாயகமாகக் கொண்ட புரோகேம்பரஸ் அலெனி. கொடுக்கு ஒடிந்தவற்றைத் தனித்தொட்டியில் ஒதுக்கிக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். அடுத்தடுத்து ஓடு உரிக்கும்போது ஒடிந்த கொடுக்கு மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால் அதில் ஏமாற்று ஏதும் இல்லை. ஆண் பெண் பிரித்துக் காட்டுவதிலும் ஒளிவுமறைவு கிடையாது. அங்கே வேலை பார்க்கும் இளைஞர், கொடுக்குகள் எட்டாதபடி முதுகோட்டைப் பின்னாலிருந்து இரு விரல்களால் பிடித்துத் தூக்கி, வயிற்றுப் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். "இந்த ரெண்டு குச்சி தெரியுதா சார்? வால்கிட்டேர்ந்து முன்பக்கமா மடங்கி, காலுக்கு நடுவுல படுத்திருக்கு பாருங்க. இது ஆண். பொண்ணுக்கு அந்த இடம் காலியா இருக்கும்," என்றார். சிறு குஞ்சாக இருக்கையில் இந்த அடையாளம் தெளிவாகத் தெரியாது என்பதால், ஜோடி என்று சொல்லிச் சின்ன உருப்படிகளைத் தலையில் கட்டும் வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. இந்தக் கடையில் அது நடக்கவில்லை.

ஆனால் ஜோடியாக விற்பதே இத்தொகுப்பின் அடிப்படைக் கோளாறு. கிரேஃபிஷ் ஏறி வெளியே விழாமல் இருக்க மேலே மூன்று அங்குலம் விட்டுத்தான் நீர் நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பினால் இத்தொட்டியில் ஏறத்தாழ 42 லிட்டர்தான் நிற்கும். அந்த இடத்துக்குள் வளர்ந்த கிரேஃபிஷ் இரண்டை நிரந்தரமாக வைத்தால், எது முதலில் ஓடு உரிக்கிறதோ அது மற்றொன்றுக்கு இரையாகிவிடுவது பெரும்பாலும் உறுதி. பழைய ஓட்டைக் கழற்றியபின் புதிய ஓடு இறுகும்வரை அதன் உடல் பஞ்சாக மெத்தென்றிருக்கும். கொடுக்கால் தற்காத்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு குழாய்த் துண்டுகள் இதற்குப் போதாது. உயிர் ஒன்றுக்கு இரண்டு மறைவிடமாவது வேண்டும், அவையும் ஒன்றையொன்று பார்க்காத மூலைகளில் இருக்க வேண்டும்.

குஞ்சு எடுப்பதற்கு ஆண் கூடவே இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. இந்த இனத்துப் பெண்ணின் அடிவயிற்றில், கால்களுக்கு இடையே, விந்தைச் சேமித்து வைக்கும் சிறு பை போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது. இணை சேர்ந்த பெண் அதை வாரக்கணக்கில் வைத்திருந்து, தனக்கு வசதியான வேளையில் முட்டையிடும். கடையில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் ஒரே பெரிய தொட்டியில்தான் கிடக்கின்றன. ஆகவே, வாலின் அடிப்பகுதியில் வெண்ணிறப் பட்டைகள் தெரியும் பெரிய பெண் ஒன்றைக் கேட்டு வாங்கினால் போதும். அந்த வெண்மை, முட்டைகளை ஒட்டவைக்கும் பசை சுரக்கத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறி. நான் ஆணை விட்டுவிட்டு அப்படிப்பட்ட பெண்ணை மட்டும் கேட்டபோது கடைக்காரர் மறுக்கவில்லை. தொகுப்பு விலையிலிருந்து உரிய தொகையைக் கழித்துக்கொண்டார். கேட்காதவருக்கு அவராக இதைச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

வீட்டுக்கு வந்த பெண் எதிர்பார்த்தபடியே முட்டையிட்டது. சினைப் பெண் வாலை அடியில் சுருட்டிக்கொண்டு குழாயை விட்டு வெளியே வராது. முட்டைகள் கடுகை அள்ளி ஒட்டியதுபோல் வாலின் அடியிலுள்ள நீச்சல் கால்களில் கொத்தாகத் தொங்கும். தாய் அந்தக் கால்களை ஓயாமல் அசைத்து நீரோட்டம் தந்துகொண்டே இருக்கும், கெட்டுப்போன முட்டையைச் சிறு கால்களால் பிய்த்து எறியும். நாள் ஆக ஆக முட்டையின் கருமை வெளுத்து, உள்ளே இரு கண்புள்ளிகள் தெரியும். மூன்று நான்கு வாரத்தில் பொரிந்த பிறகும் குஞ்சுகள் தாயை விட்டு இறங்குவதில்லை. இரண்டு முறை ஓடு உரித்த பின்னரே, பெரியவற்றின் அச்சு அசலான உருவத்தில், ஒன்றிரண்டாக இறங்கிக் கூழாங்கல்லில் நடக்கத் தொடங்கும். நம் ஊர் ஆற்று இறாலின் குஞ்சுகளுக்கு உவர்நீர் தேவைப்படுவதைப் போன்ற சிக்கல் இதில் இல்லை. சிறு தொட்டியில் குஞ்சு எடுப்பது சாத்தியமாவதும் அதனால்தான். இறங்கத் தொடங்கியதும் தாயை அகற்றிவிட வேண்டும். நூற்றுக்கும் மேல் பொரிந்தாலும் 42 லிட்டரில் அத்தனையும் பிழைக்காது, ஒன்றையொன்று தின்னும். காய்ந்த நாட்டு வாதுமை இலைகளை அடுக்கடுக்காகப் போட்டு வைத்தால் ஒளிய இடமும் கொறிக்கத் தீனியும் கிடைத்து, சேதம் கணிசமாகக் குறைகிறது. இந்த இலை தொகுப்பில் இல்லை. மரமோ நம் தெருக்களிலேயே நிற்கிறது.

தொட்டியின் தரத்தில் குறை இல்லை. ஒட்டுகள் சீராக உள்ளன, ஓரங்கள் தேய்க்கப்பட்டுள்ளன. ஆயினும் மூடி தராமல் விற்பதை மன்னிக்க முடியாது. ஏர் பம்ப் குழாயைப் பிடித்தே ஏறி வெளியேறிவிடும் உயிருக்கு, குழாய் நுழையும் துளை தவிர வேறு இடைவெளி இல்லாத கனமான மூடி கட்டாயம். தனியாகச் செய்யச் சொன்னால் கூடுதல் பணம் கேட்கிறார்கள்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர், குஞ்சுகளை உறிஞ்சாத வகை, சரியான தேர்வு. ஆனால் 'இன்று நீர் நிரப்பி, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, நாளை உயிரை விடலாம்' என்ற அவர்களின் அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம். குளோரின் போய்விட்டாலும், கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். இதற்கு அந்தக் கடையிலேயே மாற்று உண்டு. கேட்டால், தங்கள் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும், அந்த பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய பழைய ஸ்பாஞ்சை ஈரத்தோடு பையில் போட்டுத் தருகிறார்கள், அதுவும் புதியதன் விலைக்கே.

பாராட்ட வேண்டிய இன்னொன்றும் உண்டு. செடியோடு வந்து சேர்ந்த நத்தைகளுக்கு மருந்து கேட்டேன்; கிரேஃபிஷ் இருக்கும் தொட்டி என்றதும் கடைக்காரர் தர மறுத்துவிட்டார். நத்தை மருந்துகள் பலவற்றில் தாமிரம் கலந்திருக்கிறது. அது ஓட்டுடலிகளுக்கு நஞ்சு. விற்பனையை இழந்தாலும் பரவாயில்லை என்று மறுக்கும் வியாபாரி அரிது.

சென்னை நீரைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்வதில்லை. வீட்டு ஆர்.ஓ. நீரை நிரப்புவோர் பலர். அதில் சுண்ணாம்புச் சத்து வெகுவாகக் குறைந்துவிடுவதால் புதிய ஓடு இறுகாமல் உயிர் போகும். உப்புக் கரிக்காத கடினமான போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீருடன் கலந்தால் போதுமானது. பறவைத் தீவனக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டு வைக்கலாம். உரித்த ஓட்டை அகற்றவே கூடாது, அதைத் தின்றுதான் இழந்த சுண்ணாம்பை அது மீட்டுக்கொள்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை மாடி அறையில் தொட்டி நீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சூடேறிய நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். நீர்மட்டத்தின் மீது படும்படி ஒரு சிறு மின்விசிறியும், கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்பும் வாங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கடையின் மிகப் பெரிய தவறு வேறொன்று. அமெரிக்க இனங்களையும், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரெட்கிளா, யாபி இனங்களையும் அடுத்தடுத்த தொட்டிகளில் வைத்து, ஒரே வலையால் இரண்டையும் அள்ளுகிறார்கள். அமெரிக்க இனங்கள் தாம் நோயுறாமலேயே கிரேஃபிஷ் பிளேக் எனப்படும் தொற்றைச் சுமந்து திரியக்கூடியவை. 1860 வாக்கில் இத்தாலியில் தலைகாட்டி, ஐரோப்பாவின் சொந்த இனங்களைப் பல இடங்களில் கூண்டோடு அழித்த நோய் அது. ஆஸ்திரேலிய இனங்களுக்கும் அதைத் தாங்கும் சக்தி இல்லை. இக்கடையில் அந்நோய் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஈர வலையே அதைக் கடத்தப் போதும் என்பதால், ரெட்கிளா வாங்க வருவோர் வேறு கடையைப் பார்ப்பதே நல்லது.

ஆண் இல்லாமலேயே பெருகும் மார்பிள் கிரேஃபிஷ் இங்கே கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன், வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். அது இல்லாததே மேல். ஒன்று தப்பினாலும் ஒரு கூட்டமாகிவிடும் அந்த இனம் மடகாஸ்கரில் பரவிய வேகத்தைப் பார்த்த எவரும் அதை ஏரிகள் நிறைந்த ஊருக்குள் கொண்டுவர விரும்பமாட்டார். நம் நாட்டு நீர்நிலைகளில் இயற்கையாக வாழும் கிரேஃபிஷ் எதுவும் கிடையாது. தொட்டிப் பாசியைத் தின்பதற்கென்று விற்கும் டேங்க் கிளீனர் மீனைக் குளத்தில் கொட்டியதன் விளைவே இன்னும் தீரவில்லை.

மிஞ்சும் குஞ்சுகளைக் கடையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை அங்குலம் தாண்டியிருக்க வேண்டும், கொடுக்கு இரண்டும் முழுசாக இருக்க வேண்டும். பணமாகத் தருவதில்லை, தீவனமாகவோ ஃபில்டராகவோ ஈடு செய்துகொள்ளலாம். விற்கும் விலையில் கால்பங்குக்கும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்றாலும், வார நாளில் காலையில் கொண்டுபோனால் நிதானமாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போனால் பையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.