காட்பாடி நாய்ப் பயிற்சி வகுப்பு: 'பாரு' பாடம் தேறுமா?

முதல் பாடமே 'பாரு': சொன்னதும் நாய் நம் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை உருப்படியாகவே சொல்லித்தருகிறார்கள். வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, ஒரு கையில் மூடிப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். நாய் கையை நக்கும், பிராண்டும், நாம் வாயே திறக்கக்கூடாது. சலித்துப்போய் நம் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் அதே நொடியில் 'சபாஷ்' சொல்லி, மறுகையிலிருந்து ஒரு துண்டு. மறுகைதான் சூட்சுமம். நீட்டிய கையிலிருந்தே கொடுத்தால் நாய் கையைத்தான் பார்க்கும். 1 நொடியில் தொடங்கி 3, 5 என்று நீட்டலாம். ஒரு தடவைக்கு 2 நிமிடம் போதும். பார்வை நிலைத்த பிறகே 'பாரு' என்ற சொல்.

தாடையைப் பிடித்துத் திருப்பினால் எல்லாம் கெட்டது. நாய்க்கு முறைப்பு என்பது மிரட்டல். உடம்பு விறைத்து, கண்வெள்ளை தெரிய உதட்டை நக்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும். கூச்சமுள்ள நாட்டு நாய்களிடம் இதைக் கவனிக்க ஒரே பயிற்சியாளரால் முடியவில்லை. ஒரு குழுவில் 10 நாய்கள் அதிகம்.

உற்றுப் பார்த்தாலே பாசம்தான் என்கிறார்கள், மிகை. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகக் குழு 2015-ல் காட்டியது, நெடுநேரம் பார்த்துக்கொண்ட நாய், உரிமையாளர் இருவருக்கும் ஆக்சிடோசின் என்ற பாசப் பிணைப்பு ஹார்மோன் கூடியதை. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது இல்லை. பிஸ்கட்டுக்காகப் பார்ப்பது வேறு கணக்கு.

காலை 9 மணி வகுப்பு வேலூர் வெயிலுக்கு ஆகாது. சிமெண்ட் தரையில் புறங்கையை 5 நொடி வைத்துப் பாருங்கள். சுட்டால் நாயை இறக்காதீர்கள். 6 மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.