ச ரி க எழுதி வாசிப்பதா, கோட்டைப் பார்த்து வாசிப்பதா?

யாழ்ப்பாணத்தில் பியானோ பழகுகிறேன் என்பவர்கள் வீட்டில் அனேகமாக இருப்பது ஓர்கன்தான். அதில் தானாகவே நொட்டேசன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பு) வாசிக்கப் பழக மூன்று வழிகள் உண்டு. நான் எடுத்தது மூன்றாவதை. அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன்.

யூரியூபில் வண்ணக் கட்டங்கள் மேலிருந்து விழ விழ அமத்துவது முதலாவது. கலியாண வீட்டில் ஒரு பாட்டு வாசித்தால் போதும் என்பவருக்கு இது சரி. ஆனால் இதில் நொட்டேசனே இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒவ்வொரு நோட்டுக்குக் கீழும் பென்சிலால் ச, ரி, க என்று எழுதிக்கொள்வது. வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்குக் கை தானாக இதற்குத்தான் போகும். தொடக்கத்தில் சுகமாகவும் இருக்கும். ஆனால் சி மேஜர் என்ற சுருதியில் ச ஒன்றாம் கட்டை, ஜி மேஜர் என்றால் அதே ச ஐந்தாம் கட்டை. கோட்டில் இருக்கிற நோட்டோ இடம் மாறுவதில்லை. அப்புறம் இடது கைக்கும் எழுதவேண்டும், மூன்று நோட்டு சேர்ந்த கோர்ட்டுக்கும் எழுதவேண்டும். பக்கம் நிறைந்துவிடும்.

மூன்றாவதில் எல்லா நோட்டையும் பாடமாக்குவதில்லை. மூன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். மேல் ஐந்து கோட்டின் தொடக்கத்தில் இருக்கும் குறியான ட்ரெபிள் கிளெஃபின் சுருள் கீழிருந்து இரண்டாம் கோட்டைச் சுற்றுகிறது; அது ஜி, நம் கணக்கில் ஐந்து கட்டை. கீழ் ஐந்து கோட்டின் குறியான பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஓடுகிற கோடு எஃப், நாலு கட்டை. இரண்டுக்கும் இடையில் குட்டிக் கோட்டில் தனியே நிற்பது மிடில் சி. அதிலிருந்து மேலே ஜி, ச–ப தூரம். கீழே எஃப்பும் அதே தூரம்தான். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து எண்ணுவது: கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளி என்றால் அடுத்த வெள்ளைக் கட்டை, கோட்டிலிருந்து அடுத்த கோடு என்றால் ஒன்று தாண்டி. ஷார்ப், ஃபிளாட் (நோட்டை அரைப்படி கூட்டும், குறைக்கும் குறிகள்) வந்தால்தான் கறுப்புக் கட்டை. முதல் கிழமைகள் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பென்சில்காரர் முழுப் பாட்டே வாசித்துவிடுவார்.

என்றாலும் என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரே விஷயம்: முன்பின் பார்க்காத பக்கத்தை முன்னால் வைத்தால் என்ன நடக்கும்? பென்சில் முறையில் ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் எழுதும் வேலை மறுபடி தொடங்கும். பழைய பாட்டில் எழுத்தை அழித்தால் அதுவும் தடுமாறும், ஏனென்றால் கண் இத்தனை நாளும் நோட்டைப் பார்க்கவே இல்லை. தூரம் பார்த்து வாசிப்பவருக்குப் புதுப் பக்கம் மெதுவாகப் போகும், ஆனால் போகும். பரீட்சை எண்ணம் இருந்தால் இது வெறும் ரசனை விஷயமும் இல்லை. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையின் செய்முறைப் பரீட்சையில் 150 புள்ளியில் 21, பார்த்தவுடன் வாசிப்பதற்குத்தான். பார்த்துக்கொள்ளக் கிடைப்பது அரை நிமிடம்.

தாளத்துக்கு மட்டும் இந்த முறை உதவாது. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்குள் நாலு-நாலு தாளத்தின் இரண்டு பார் (நாலு எண்ணிக்கை கொண்ட பகுதி) அடங்கும் என்பதால் தாளம் போட்டுப் பழகியவர்கள் சமாளிப்பார்கள். புள்ளி வைத்த நோட்டுகளுக்குத் தனியாக உழைக்கவேண்டும். இதெல்லாம் வளர்ந்தபின் தொடங்கிய ஒருவரின் கணக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு இப்படிப் பழக்கிப் பார்த்ததில்லை.