பழைய ஃபெராரி எஃப்355-ஆ, ஹோண்டா என்எஸ்எக்ஸ்-ஆ?

இரண்டும் ஸ்போர்ட்ஸ் கார்கள்; இரண்டிலும் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால்தான். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எஃப்355 (1994–1999) காரின் 3.5 லிட்டர் வி8 இன்ஜினில் சிலிண்டருக்கு ஐந்து என 40 வால்வுகள். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற வழக்கமாக இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அதனால் கார் ஓடாமல் நின்றாலும் ஆண்டுக் கணக்குப் பார்த்து மாற்றியே ஆக வேண்டும். ஆரம்பகாலக் கார்களில் வால்வு கைடு (வால்வின் தண்டு நகரும் சிறு குழாய்) சீக்கிரம் தேயும். இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் விரிசல் விடும். வாங்கும் முன் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவைப் பார்ப்பது) செய்யாமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதிகம் சூடானதாக எச்சரிக்கும் 'ஸ்லோ டவுன்' விளக்கு எரிந்தால் பதறாமல் முதலில் அதன் வெப்ப சென்சாரைப் பாருங்கள்; பல நேரம் கோளாறு அதில்தான். அப்படியே கன்வெர்ட்டரையும் பார்த்துவிடுங்கள்.

1990-இல் வந்த என்எஸ்எக்ஸ்-இன் வி6-க்கும் பெல்ட்தான், அறுந்தால் அதே சேதம்தான். ஆனால் இன்ஜினை இறக்காமலே மாற்றலாம். 1991–92 கார்கள் சிலவற்றில் கியர்பாக்ஸின் ஸ்னாப் ரிங் (உள்பாகங்களை இடத்தில் பிடித்து வைக்கும் வளையம்) உடையும்; கியர்பாக்ஸின் வரிசை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பழைய கூலண்ட் ஹோஸ்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

சத்தத்துக்காக மனம் ஃபெராரி பக்கம் சாயும். தினம் ஓட்ட, நான் என்எஸ்எக்ஸ்-ஐத்தான் எடுப்பேன்.