கர்ட்டிஸ் மேஃபீல்டின் 'சூப்பர் ஃப்ளை': இசைத்தட்டு விமர்சனம்

1972-இல் வந்த 'சூப்பர் ஃப்ளை' படத்தைப் பார்த்துவிட்டு அதன் பாடல்களையும் கேட்டாயிற்று என்று நினைப்பவர்கள், முக்கியமான ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கொக்கெய்ன் விற்கும் நாயகனைப் பகட்டான காரும் கோட்டுமாகக் காட்டும் அந்தப் படத்தில், 'ஃப்ரெடீஸ் டெட்' பாடல் வெறும் வாத்திய இசையாகவே ஒலிக்கிறது. அந்தத் தொழிலில் கறிவேப்பிலையாகப் பயன்பட்டுச் செத்துப்போன ஃப்ரெடியைப் பற்றி, படத்துக்கு இசையமைத்த அமெரிக்கப் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்ட் எழுதிய வரிகளைக் கேட்க இசைத்தட்டைத்தான் வாங்க வேண்டும். படம் கொக்கெய்ன் விளம்பரம்போல இருந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். அதற்கு அவர் தந்த மறுப்பாகவே நான் இந்தத் தட்டைக் கேட்கிறேன்.

அந்த மறுப்பிலும் உபதேசத் தொனி இல்லை. முதல் பாடல் விற்பவனைப் பற்றியதே அல்ல. வறுமையில் கவனிப்பாரின்றி வளரும் ஒரு குழந்தையைப் பற்றியது. அடுத்து வரும் 'புஷர்மேன்' பாடலில் விற்பவனே பேசுகிறான், அதுவும் மிரட்டாமல், மேஃபீல்டின் மெல்லிய கள்ளத்தொண்டைக் (ஃபால்செட்டோ) குரலில். லக்கி ஸ்காட்டின் பேஸ் கிட்டாரும் மாஸ்டர் ஹென்றி கிப்சனின் தாள வாத்தியங்களும் அடியில் விடாமல் ஓட, அந்தக் குழைவு கேட்பவரையும் வாடிக்கையாளராக்கிவிடும் என்று அஞ்சும் அளவுக்கு இனிக்கிறது. பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு ஏற்பத் தந்திகளைச் சுருதி சேர்த்து, தானாகவே கிட்டார் பழகியவர் என்பதால் அவருடைய மீட்டலும் பிறருடையதைப்போல் இருப்பதில்லை.

சிகாகோவில் தேவாலயப் பாடல்களோடு வளர்ந்து, கறுப்பின மக்களின் சம உரிமை இயக்கத்தினர் பாடிய பாடல்களை 'இம்ப்ரெஷன்ஸ்' பாடகர் குழுவுக்காக எழுதி, 1968-இல் 'கர்ட்டம்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கியவருக்குப் படத்தோடு முரண்படும் துணிவு இருந்ததில் வியப்பில்லை.

குறை என்றால் 'ஜங்கி சேஸ்': துரத்தல் காட்சிக்கான அந்த ஒன்றரை நிமிட வாத்திய இசைக்குப் படத்துக்கு வெளியே வேலையில்லை. மற்றபடி, ஏறத்தாழ 37 நிமிடங்களில் சலிப்பில்லை.

1990-இல் புரூக்ளின் மேடையில் விளக்குச் சாதனம் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தபின், மேஃபீல்ட் படுத்த நிலையிலேயே வரிவரியாகப் பாடிப் பதிவுசெய்த 1996-ஆம் ஆண்டுத் தொகுப்பை இதற்குப் பிறகு கேட்கலாம். 'சூப்பர் ஃப்ளை'யை முதன்முறை கேட்பவர்கள் வரிகளை எதிரில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த மென்குரலில் பல சொற்கள் காதில் சிக்காமல் நழுவிவிடுகின்றன.